காய் வெந்த தண்ணீர்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், காய் வெந்த தண்ணீரை யாரும் கொட்டிப் பார்த்ததில்லை. அவர் மனைவி அப்படிப்பட்டவள். தோல் சீவினால் கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டுவதோடு சரி. நறுக்கிய பிறகு காயைக் கழுவுகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடி போட்டு, சின்னத் தீயில் வேகவைப்பாள். மிஞ்சிய தண்ணீரில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் அது சூப். "சத்து பூரா இதுலதான் இருக்கு" என்று கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். அடுக்குமாடிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சத்து ஆன்ட்டி. கீழே யாராவது தும்மினால் மேலேயிருந்து சூப் இறங்கி வரும், அதற்காகத்தான் மெக்கானிக் லிஃப்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கிறார் என்பது அங்கே பழகிப்போன கேலி.

கேலி செய்தவர்களுக்குத் தெரியாத ஒன்று மெக்கானிக்குக்குத் தெரியும். இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. கல்யாணமான புதிதில் அவளும் மற்றவர்களைப் போல ஏனோதானோவென்று சமைத்துக்கொண்டிருந்தவள்தான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமே வெளுத்துப்போய்ப் படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. ரத்தத்தில் வந்த நோய், யார் என்ன செய்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவே மெக்கானிக்கின் அக்கா, "பெத்தவ நேரத்துக்கு நல்லதா ஆக்கிப் போட்டிருந்தா புள்ள இப்படி வெளுத்துப் போயிருக்குமா?" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். அக்கா அன்றைக்கே கிளம்பிப் போனாள். அந்த வார்த்தை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. கத்தியின் முதுகு, சின்னத் தீ, சூப் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இப்போது மெக்கானிக்குக்குச் சிறுநீரகம் பழுது. கால் வீங்கி, லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏற முடியாமல், வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரை ரத்தம் எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, சாப்பாட்டு முறையை விளக்க மனைவியை ஒரு டயட்டீஷியன் பெண்ணிடம் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது மிஞ்சினால் இருபத்தைந்து இருக்கும். காயைப் பொடியாக நறுக்க வேண்டும், ஊறவைக்க வேண்டும், நிறையத் தண்ணீர் விட்டு வேகவைக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்ததுமே சத்து ஆன்ட்டிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. வெளியே வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். "காய் வேகவெக்க எனக்குப் பாடம் எடுக்குதுங்க அந்தப் பொண்ணு! சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன்."

தலையாட்டியவள் பாதியைத்தான் காதில் வாங்கியிருந்தாள். சொன்னபடியே பொடியாக நறுக்கினாள், ஊறவைத்தாள், பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்தாள். வடித்த காயைத் தட்டில் வைத்தாள். பிறகு, ஊறிய தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் ஒன்றாக்கி, இவ்வளவையும் ஒரு மனுஷன் எப்படிக் குடிப்பான் என்று இரக்கப்பட்டு, அதைச் சுண்டக் காய்ச்சி ஒரு டம்ளராக்கிச் சாயங்காலம் கணவருக்குக் கொடுத்தாள். அவரும் குடித்தார். உப்பில்லாமல் சக்கையாக இருந்த சாப்பாட்டுக்கு நடுவே அந்த ஒரு டம்ளரில்தான் கொஞ்சம் ருசி இருந்தது.

ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவருக்குக் கைகால் துவண்டு, நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி, மருந்து, நெஞ்சில் ஒட்டிய வயர்கள் என்று எப்படியோ தலை தப்பியது. பொட்டாசியம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்கள். மனைவி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் டயட்டீஷியன் பெண் கட்டிலருகே வந்து நின்றாள்.

"சார், காய்ல இருக்கிற பொட்டாசியத்தை உங்க கிட்னியால வெளியேத்த முடியல. அதனாலதான் நிறைய தண்ணில வேகவெக்கச் சொன்னேன். எல்லாம் தண்ணில இறங்கிடும். அந்தத் தண்ணிய ஆன்ட்டி கொட்டிடறாங்க இல்ல?"

மெக்கானிக்குக்கு விஷயம் முழுவதும் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காயில் இருந்த விஷத்தை ஒரு துளி விடாமல் இறக்கி, சுண்டக் காய்ச்சி, ஆற்றி, ஊதிக் கொடுத்திருக்கிறாள். வாயைத் திறக்கப் போனார். அந்த நேரம் பார்த்து வார்டு வாசலில் அவள் வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது, வழியெல்லாம் அழுதிருக்கிறாள். கையில் ஃபிளாஸ்க்.

"கொட்டிடறா" என்றார் அவர் அவசரமாக. "நான்தான் ஒளிச்சு வெச்சு வாழைப்பழம் சாப்பிட்டேன். வாய் கேக்கல. டெய்லி சாப்பிட்டேன்."

அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "வாழைப்பழமா! சார், அது உங்களுக்கு எமன் சார்" என்றாள். பின்னால் நின்ற மனைவிக்கு அது காதில் விழுந்தது. அவள் முகத்தில் அழுகை போய் ஆத்திரம் வந்ததைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு அப்பாடா என்றிருந்தது. ஆத்திரம்தானே, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். தன் கையால் கொடுத்தது இன்னொரு உயிரையும் கொண்டுபோகப் பார்த்தது என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாக அந்தத் தண்ணீரை மட்டும் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். லிஃப்ட் ரோப்பில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தே சொல்கிற மனிதர், மனைவி விஷயத்தில் மட்டும் எப்போதும் தப்புக் கணக்குப் போடுகிறவர்.

வீடு திரும்பியதும் வசவு ஆரம்பித்தது. "கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டு நான் பாத்துப் பாத்துச் செய்றேன், இந்த மனுஷன் திருட்டுப் பழம் தின்னுட்டு வந்து படுக்கிறாரு" என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டு போனாள். லிஃப்டில் பார்த்தவர்களெல்லாம் அவருக்கு அறிவுரை சொன்னார்கள். அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வாழைப்பழம் செய்த கெடுதலுக்கு ஈடுகட்ட வேண்டுமென்று அவள் காலையிலும் ஒரு டம்ளர் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவள் அந்தண்டை போனால் குளியலறையில் கொட்டினார். பக்கத்திலேயே உட்கார்ந்தால் ஆறட்டும் என்றார். எழுந்திருக்காமல் அவள் பார்த்துக்கொண்டேயிருந்தால் வேறு வழியில்லாமல் இரண்டு வாய் குடித்தார். குடித்துவிட்டு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, சீராக அடிக்கிறதா என்று கவனித்தார். பயமாக இருந்தது. சாக அவருக்கு ஆசையில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எழுந்தார்.

ஒரு நாள் துணிந்து கேட்டும் பார்த்தார். "இந்தத் தண்ணிய கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன்? நான் குடுக்கிறது ஒத்துக்கலையா?"

அந்த முகத்தை அவர் அதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், அக்கா அந்த வார்த்தையை விட்ட அன்றைக்கு. "அதெல்லாம் இல்ல, சும்மா கேட்டேன்" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். பேடி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மறுபடி ஏறியிருந்தது. போனிலேயே சொல்லிவிட்டார்கள், இப்படியே போனால் மறுபடி வந்து படுக்க வேண்டியதுதான் என்று. மனைவி அவர் சட்டைப் பையைத் துழாவினாள், குப்பைத் தொட்டியைக் கிளறினாள், ஒரு வாழைப்பழத் தோலும் அகப்படவில்லை. "அந்தப் பொண்ணுகிட்டயே போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

"வேணாம்" என்று மெக்கானிக் எழுந்தார். வீங்கிய கால் ஒத்துழைக்கவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அவள் லிஃப்டில் ஏறிவிட்டாள்.

திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது. வந்தவள் செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்த மனிதருக்கு அந்த அமைதி அதைவிடப் பயமாக இருந்தது.

"தண்ணி விஷயம் உங்களுக்கு எப்ப தெரியும்?" என்றாள்.

"ஆஸ்பத்திரியிலயே."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

"கொஞ்சமாத்தான்... முக்காவாசி கொட்டிட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே. தப்புப் பண்ணிட்டேன்னு நாலு நாள் அழுதிருப்பேன். அப்புறம் பழகியிருப்பேன். ஏன் சொல்லல?"

"நீ தாங்கமாட்டேன்னு..."

"எதைத் தாங்கமாட்டேன்?"

இருவருக்கும் நடுவே அந்தப் பெண் குழந்தை வந்து நின்றது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"அன்னிக்கு உங்க அக்கா அப்படிச் சொன்னப்போ நீங்க பக்கத்துலதான் நின்னீங்க" என்றாள். குரல் உயரவேயில்லை. "வாயத் திறக்கல. துக்கத்துல பேச்சு வரலைன்னு நெனச்சு மனச தேத்திக்கிட்டேன். இத்தனை வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். இப்ப கேக்கறேன், சொல்லுங்க. நம்ம பொண்ணையும் நான்தான் சரியா பாத்துக்கலைன்னு உங்க மனசுல இருக்கா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட, ஏறக்குறைய. டாக்டர் சொன்னதைத்தான் அவர் நம்பினார். ஆனால் அந்த முதல் வருடத்தில், குழந்தையின் சின்னத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா சொன்னதிலும் ஏதோ இருக்குமோ என்று அவர் மனம் ஓரொரு தடவை நினைத்ததுண்டு. அந்த நினைப்பு இப்போது, இத்தனை காலம் கழித்து, பதிலுக்கு முன்னால் வந்து குறுக்கே நின்றது. அதைத் தள்ளிவிட்டு அவர் வாயைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண் சிமிட்டும் நேரம்தான்.

"இல்லம்மா" என்றார். "சத்தியமா இல்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். "சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசியதெல்லாம் சாப்பாடு, மருந்து என்று அந்த மாதிரிப் பேச்சு மட்டும்தான்.