வேறு முகத்தில் வருபவன்

அந்தி மஃரிப் தொழுத கையோடு நஃபீஸா பக்கத்து வீட்டு றோசமேரியிடம் போய்விடுவாள். தன் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த இந்திய நாடகத்தைப் போட்டால் அவளுடைய அண்ணன், ஜபார் காக்கா, தாம்தூம் என்று குதிப்பார். மறுபிறவிக் கதை மார்க்கத்துக்கு ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தென்ன, மனசு கேட்க வேண்டுமே!

அவள் கணவன் ஹுனைஸ் பள்ளிவாசல்துறையிலிருந்து கடலுக்குப் போனவன். போன மாதம் உடைந்த படகு கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. மௌத்தாகிவிட்டான் என்று ஊரே முடிவுசெய்து, பள்ளியில் ஜனாஸாத் தொழுகையும் நடத்தியாகிவிட்டது. நஃபீஸா மட்டும், கணவனை இழந்தவள் வீட்டோடு அடைந்திருக்கும் இத்தாவுக்குச் சம்மதிக்காமல் ஒற்றைக் காலில் நின்றாள். என் புருஷன் வருவார், எனக்கெதற்கு இத்தா என்றாள். காக்கா கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார்.

அன்றைய நாடகத்தில், மலையிலிருந்து விழுந்து செத்த கதாநாயகன் மறுபடி பிறந்து வளர்ந்து மனைவியின் வாசலில் வந்து நின்றான். இத்தனை காலம் காத்திருந்த அந்த மகராசிக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை! நடிகனைத்தான் மாற்றியிருந்தார்கள். நஃபீஸா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாத புள்ள. ஒன்ட ஆளும் இப்பிடி வருவார்," என்றாள் றோசமேரி.

"வருவாரா அக்கா?"

"வாறதெண்டா மொதல்ல செத்திருக்கோணுமே." சொன்ன பிறகுதான் றோசமேரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நஃபீஸாவுக்குத் திக்கென்றது. இத்தா வேண்டாம் என்று காக்காவோடு மல்லுக்கு நின்றுவிட்டு, இங்கே வந்து ஹுனைஸைச் செத்தவனாக நினைத்தல்லவா தினமும் அழுதிருக்கிறாள்!

திரையில் அந்த மனைவி புது முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். நஃபீஸாவுக்கு அது பிடிக்கவில்லை. உப்புக் காய்ந்த ஹுனைஸின் தாடிதான் அவளுக்கு வேண்டும். மீன் சதையை அவள் பீங்கானில் தள்ளிவிட்டு முள்ளைச் சப்பிக்கொண்டிருப்பானே, அந்த ஆள்தான் வேண்டும். நாடகம் முடியுமுன்பே எழுந்து வீட்டுக்குப் போய், இத்தா இருக்கிறேன் என்று காக்காவிடம் சொன்னாள்.

மறுநாள் றோசமேரி வாசலுக்கு வந்தாள். "இனி நீ வெளிய வர ஏலாதே. நாடகக் கதைய நான் வந்து சொல்றன், என்ன?"

"வேணாம் அக்கா. வேற மொகத்தோட வாறவர் எனக்கு என்னத்துக்கு? எங்கட ஆள மறுமையில அல்லாஹ் அந்த மொகத்தோடயே எழுப்புவான்."

"அதுக்கு எவ்வளவு காலம் போகும் புள்ள?"

"தெரியா அக்கா. அவர் போனதையே இப்பதானே ஒத்துக்கொண்டன்," என்ற நஃபீஸா, கணவனுக்காக முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.