மெயினை இறக்காத பத்து நிமிடம்

மூன்று நாளைக்கு ஒருமுறை வெயில் ஏறுமுன் சாபிரா வாளியும் துணியுமாக மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து வரும் சாம்பல் தூசு சோலார் தகடுகளின் மேல் மாவு சலித்தது போலப் படிந்துவிடும். துடைத்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட், துடைக்காவிட்டால் ஒன்பதுகூடத் தேறாது என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தாள். அன்றும் துடைத்துவிட்டு இறங்கி, சமையல் வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குக் கரண்ட் போனது.

அவள் கணவர் சௌக்கத் அலி பின்முற்றத்தில் புல்வெட்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ராயபுரத்தில் கப்பல் கயிறு வியாபாரம் செய்கிறவர். நினைத்த காரியம் நினைத்த நேரத்தில் நடக்க வேண்டும் அவருக்கு. அன்று மகள் நவ்ரீனின் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விருந்து. மதியம் நாற்பது பேர் அந்த முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மழைக்குப் பின் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த புல்லில் பாதிதான் வெட்டியாகியிருந்தது. புகை கக்கும் பழைய பெட்ரோல் இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு, பகலில் சோலார் கரண்டிலேயே ஓடட்டும் என்று போன மாதம்தான் இந்த மின்சாரப் புல்வெட்டியை வாங்கியிருந்தார்.

"வெயிலு மண்டைய பொளக்குது. மேல எட்டு தகடு கீது. ஆனா இத்த ஓட்ட கரண்ட் இல்ல," என்று சலித்துக்கொண்டார்.

தெருவில் கரண்ட் போனால் சோலார் இயந்திரமும் தானாக நின்றுவிடும், கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் நம் கரண்ட் பாயக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று சாபிரா எடுத்துச் சொன்னாள். பொருத்திய அன்றே சொல்லப்பட்டதுதான். அவர் காதில் வாங்கவில்லை.

அதற்குள் வாசலில் லைன்மேன் அம்புரோஸ் வந்து நின்றார். இவர்கள் வீட்டுக்கு வரும் ஒயர், கம்பத்தில் சேருமிடத்தில் உப்புக் காற்றில் அரித்துப்போயிருக்கிறது, புதிதாக முடுக்க வேண்டும், மெயினை இறக்கிவிடுங்கள் என்றார். சாபிரா உள்ளே குரல் கொடுத்தாள்.

நடையில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியை சௌக்கத் அலி இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டாவது முறை இழுக்கவில்லை. கரண்ட்டே இல்லாதபோது மெயின் மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று தோன்றியது.

"இறக்கிட்டேன்," என்று கத்தினார்.

அம்புரோஸ் கம்பத்துப் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏணியில் ஏறி, இடுப்புக் கயிற்றைக் கம்பத்தில் கட்டி, ஒயரை டெஸ்டரால் தொட்டுப் பார்த்தார். கரண்ட் இல்லை. அரித்துப்போன முனையை வெட்டி, ஒயரைச் சீவத் தொடங்கினார்.

பின்பக்கம் சௌக்கத் அலி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயரை எடுத்தார். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயர். கடைத்தெரு நண்பர் ஒருவர் செய்து கொடுத்தது. ஒரு முனையை, படிக்கட்டுக்கு அடியில் விளக்கு, விசிறிக்கு மட்டும் வைத்திருந்த சின்ன பேட்டரி இன்வெர்ட்டரிலும் மறுமுனையைச் சுவர்ப் பிளக்கிலும் செருகினால் வீடு முழுக்கக் கரண்ட் வரும். தெருக் கரண்ட் வந்துவிட்டது என்று ஏமாந்து சோலார் இயந்திரமும் ஓட ஆரம்பிக்கும். செருகினார். பத்து நிமிடத்தில் புல்லை முடித்துவிடலாம். புல்வெட்டி இரைய ஆரம்பித்தது.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சாபிரா அந்தச் சத்தத்தில் நிமிர்ந்தாள். படிக்கட்டுச் சுவரில் சோலார் இயந்திரத்தின் விளக்கு பச்சையாக எரிந்தது. கரண்ட் இல்லாதபோது அது சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்? அந்த இரண்டு பிளக் ஒயரைச் செருகிவிட்டாரா? நடைக்கு ஓடினாள். மெயின் கைப்பிடி மேலேயே இருந்தது. திறந்திருந்த வாசல் வழியாகக் கம்பத்தின் மேல் அம்புரோஸ் தெரிந்தார். சீவிய ஒயரைப் பிடிக்க அவர் கை நீண்டுகொண்டிருந்தது.

"அண்ணே, தொடாதீங்க," என்று அலறினாள். புல்வெட்டி இரைச்சலில் அவள் குரல் வாசலைத் தாண்டவில்லை. வெளியே ஓடுவதா, இன்வெர்ட்டரை அணைப்பதா என்று ஒரு கணம் கால் தடுமாறியது. படிக்கட்டுக்கு அடியில் பாய்ந்து, அரிசி மூட்டைகளைத் தள்ளி, சுவிட்சை அழுத்தினாள். புல்வெட்டி நின்றது. அந்த அமைதியில் கம்பத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது.

அம்புரோஸ் இடுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். வலது கை கருகியிருந்தது.

தெருவே கூடி அவரை இறக்கியது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில் சௌக்கத் அலி சாபிராவின் காதோரம் குனிந்து, எதுவும் சொல்லாதே, போலீஸ் கேஸ் ஆகிவிடும், இன்று பிள்ளைக்கு நல்ல நாள் என்றார்.

"இத்த மறைச்சுட்டு அந்தக் கையாலயே பிள்ளைய தூக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உயிர் பிழைத்துவிட்டார், இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். இறால் உரிக்கும் கூடத்திலிருந்து அம்புரோஸின் மனைவி ஃப்ளோரன்ஸ் அப்படியே ஓடி வந்திருந்தாள். பிரிவு அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஃபியூஸ் பிடுங்கியாகிவிட்டது, வேறு வழியில் கரண்ட் வந்திருக்க முடியாது, ஊழியர் சரியாகச் சோதிக்காமல் தொட்டிருக்கிறார் என்பது அவர் கணக்கு. அப்படி எழுதினால் அம்புரோஸின் வேலை போய்விடும்.

"பதினெட்டு வருசமா டெஸ்டர் வெச்சு பாக்காம ஒரு ஒயரத் தொட்டதில்ல சார் அவரு," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"அப்ப கரண்ட் எங்கிருந்தும்மா வந்துது?"

சாபிரா பேச வாயெடுத்தாள். அதற்குள், சுவரோரம் நின்றிருந்த சௌக்கத் அலி முன்னால் வந்தார்.

"எங்க வூட்லருந்து சார்," என்றார். துருப்பிடித்த கைப்பிடி, சொன்ன பொய், இரண்டு பிளக் ஒயர் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தார். தான் எழுதியிருந்த தாளைப் பொறியாளர் கிழித்தார். இது போலீசுக்குப் போகும், சோலார் இணைப்பும் துண்டிக்கப்படும் என்றார். சௌக்கத் அலி தலையசைத்தார்.

ஃப்ளோரன்ஸ் அவரையே பார்த்தாள். "இறக்கிட்டேன்னு நீங்க சொன்னத நம்பித்தான பாய் அவரு மேல ஏறினாரு?"

"ஆமாம்மா," என்றார். அவள் மன்னித்ததாகச் சொல்லவில்லை.

அன்று விருந்து நடக்கவில்லை. வழக்கு பதிவானது. அம்புரோஸ் நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இனிக் கம்பம் ஏற முடியாது என்பதால் அலுவலகத்தில் புகார் எழுதும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

ஒரு மாலை, பக்கத்து மளிகைக் கடை மாசானம் தெருவில் சௌக்கத் அலியை நிறுத்தி ஆறுதலாகப் பேசினார். ஊரில் யார் வீட்டில்தான் அந்த மாதிரி ஒயர் இல்லை, தன் கடையிலும் ஒன்று இருக்கிறது, உங்கள் கெட்ட நேரம் அப்படி ஆகிவிட்டது என்றார்.

சௌக்கத் அலி கடைக்குள் போனார். அந்த ஒயரைக் கேட்டு வாங்கி, கல்லாவின் மேல் கிடந்த கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினார்.

"நேரம் கெட்டதில்ல அண்ணாச்சி, நான் கெட்டவேலை பண்ணேன்," என்றார். "நம்ம கரண்ட் நம்ம காம்பவுண்டோட நிக்காது. கம்பத்துல யாரோ ஒருத்தன் நம்ம வார்த்தைய நம்பிக் கை வெச்சிகினு இருப்பான். பாதுகாப்புக்குன்னு வெச்சத நம்ம அவசரத்துக்கு ஏமாத்துனா, அடுத்தவன் உசுர எடுத்து நாம செலவு பண்றோம்னு அர்த்தம்."