தொண்ணூற்றெட்டு சதவீத அண்ணன்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. 'சரித்திரத்தின் தலைசிறந்த சதுரங்க வீரர் யார்?' என்று எழுதித் தரச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். செத்தவரையும் இருப்பவரையும் எப்படி ஒரே பலகையின் முன்னால் உட்காரவைப்பது? அதற்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது. பழைய ஆட்டங்களை உள்ளே போட்டால், யார் எவ்வளவு பிழையில்லாமல் ஆடினார் என்று மதிப்பெண் போட்டுவிடும்.

முதல் வரி: 'மேதைகளை ஒப்பிடுவது மலைகளை ஒப்பிடுவதைப் போல…' (சீ. அடித்துவிட்டேன்.)

2

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அப்பா, அண்ணனின் போட்டி ஆட்டங்களையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். தொண்ணூற்றெட்டு. உலக சாம்பியன்கள் அத்தனை பேரும் அவனுக்குக் கீழே.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு சித்தப்பாவில் தொடங்கி ஒருவர் விடாமல் போன் போனது.

(அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது: அண்ணனின் ஆட்டங்களில் பாதிக்கு மேல் பேசிவைத்த டிரா. எதிராளியும் அவனும் கழிப்பறை வாசலில் முடித்துக்கொண்டு வந்து, பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் ஆடிக் கைகுலுக்குவார்கள். 'பயந்துபோய் அவனே டிரா கேட்டான்' என்பது வீட்டுக்குச் சொன்ன கதை. சண்டையே போடாதவனுக்கு ஏது காயம்? இது கம்ப்யூட்டருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.)

3

இந்தக் கதையில் வரும் தங்கையை (நான்தான்) எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்பப் புலம்புகிறாள். ஜெயிக்கத்தான் ஆடினாள், அதனால் நிறையத் தோற்றாள். இருவரில் ஒருவரைத்தான் போட்டிகளுக்கு அனுப்ப முடியும் என்றானபோது, "அவன் தோக்கவே மாட்டேங்கிறான்மா" என்றார் அப்பா. அண்ணனுக்குச் சதுரங்கத்தால் வேலை கிடைத்தது. தங்கைக்கு, ஆடுபவர்களைப் பற்றி எழுதும் வேலை. (வயிற்றெரிச்சல்தான். இல்லை என்று யார் சொன்னது?)

அவள் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். எழுபத்தொன்று.

4

அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பாகிட்ட சொல்லிடாத. அவருக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்கு என்ன இருக்கு?"

"சரி விடு. நீயும் கேக்காத, நானும் பேசல. இத்தோட முடிச்சுக்கலாம்."

தொட்டில் பழக்கம்.

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அப்பா அந்த நாற்காலியிலிருந்து எழவே…

முடிவு இரண்டு: அண்ணன் பெயர் சாம்பியன்களுக்கு மேலே அச்சாகிறது. அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்.

முடிவு மூன்று: "உனக்கு எவ்வளவும்மா வந்துச்சு?" என்று அப்பா கேட்கிறார். (கதைக்கும் ஓர் அளவு வேண்டும்.)

இப்போது பக்கத்து அறையிலிருந்து நிஜமாகவே குரல் வருகிறது: "எழுதிட்டியா? அவன் பேரு மேலதானே இருக்கு?"

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது சதுரங்க விதி. நான் தொட்டுவிட்டேன். இவ்வளவு தூரம் படித்த நீங்களும் தொட்டுவிட்டீர்கள். அப்பாவுக்கு என்ன பதில் என்று நீங்களே சொல்லுங்கள். என்னிடம் டிரா மட்டும் கேட்காதீர்கள். இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அதனால்தான் எழுபத்தொன்று.