பவுலின் டீச்சருக்கு விட்டுப்போன பூசை

புனித வெள்ளியன்று இறந்து, சனிக்கிழமை அடக்கம் செய்யப்பட்ட பவுலின் டீச்சர், திங்கட்கிழமை காலை வழக்கமான டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். உட்கார இடம் கிடைக்கவில்லை. காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வழியாகப் பள்ளி வாசல் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். கண்டக்டர் எப்போதும் போலப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நிறுத்தத்தில் டீச்சருடைய படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருந்தது. அதன் நிழலில்தான் இறங்கினார். உடம்பில் அடக்கத்துக்குக் கட்டிவிட்ட கல்யாணப் பட்டு. காலில் ஒன்றுமில்லை, பெட்டியில் வைக்கும்போது யாரும் செருப்பு மாட்டி அனுப்புவதில்லையே.

அன்று பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பரீட்சை. வியாழக்கிழமை வகுப்பில், "திங்கக்கிழமை வெள்ளன வந்துருவேன், வாசக் கேட் பக்கத்துல நில்லுங்க, சந்தேகம் இருந்தா கேட்டுக்கிரலாம்" என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் நின்றார்கள். பார்த்ததும் நாலைந்து பேர் அலறினார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள். ஆனால் பரீட்சை பயம் பேய் பயத்தைவிடப் பெரியது என்பதால், பாண்டீஸ்வரி என்கிற பெண் கையை நீட்டி, "டீச்சர், அந்த வட்டக் கணக்குல தொடுகோடு எங்க வரையணும்?" என்று கேட்டாள். டீச்சர் மணலில் குனிந்து குச்சியால் வரைந்து காட்டினார். அந்தக் கணக்கே வந்தது. பள்ளியில் அந்த ஆண்டு கணக்கில் ஒருவரும் தவறவில்லை.

நடந்ததை முறையாகச் சொன்னால் இப்படி. வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் சிலுவைப்பாதை போனபோது, ஆண்டவர் மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் தலத்தில் டீச்சரும் விழுந்தார். ஆண்டவர் எழுந்தார், இவர் எழவில்லை. பெரிய வியாழன் பூசையில் நிறுத்திய மணியை ஈஸ்டர் பூசை வரைக்கும் அடிக்கக் கூடாது என்பது திருச்சபை வழக்கம். அந்த நாட்களில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். இறந்தவருக்குப் பூசையும் வைப்பதில்லை. திங்கட்கிழமை வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம்தான். ஆனால் திங்கட்கிழமை ஆசிரியர்கள் எல்லோருக்கும் பரீட்சை வேலை. தலைமையாசிரியர் சேசுராஜ் யோசித்து, சனிக்கிழமையே முடித்துவிடலாம், பூசையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். டீச்சரின் கணவர் டோனி எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தார், தலையாட்டினார். பூசையும் துக்க மணியும் இல்லாமல், கட்டை தட்டும் சத்தத்தோடு பவுலின் டீச்சரைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார்கள். மண் விழுந்த பிறகு ஊரில் அடித்த முதல் மணி ஈஸ்டர் மணிதான். அதைக் கேட்டு எழுந்துவிட்டார் என்பது ஊரின் முடிவு. டீச்சரும் அதை மறுக்கவில்லை. "மணிச் சத்தத்துல முழிப்பு வந்துச்சு, எந்திரிக்கையில திங்கக்கிழமை விடிஞ்சிருச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு இருந்துச்சு" என்பார். கல்லறையில் போய்ப் பார்த்தார்கள். மண்மேடு கலையவில்லை, மேலே போட்ட மாலைகூட நகரவில்லை.

ஒவ்வொரு ஆண்டும் ஈஸ்டருக்கு முன்பு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் வண்ணச் சாக்பீஸில் எழுதிப் போடுவார்கள்: உயிர்ப்பு என்றால் புது வாழ்வு, புது நம்பிக்கை, புது முயற்சி. ஒருவர் நிஜமாகவே எழுந்து வருவது என்ற பொருளை மட்டும் யாரும் எழுதியதில்லை. டீச்சர் வந்ததற்கு முந்தின நாள்தான் வெறுமையான கல்லறையைப் பற்றிப் பங்குத்தந்தை முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்து, கூட்டத்தை அழவைத்திருந்தார். இப்போது டீச்சர் எதிரே வந்தால் அவர் அலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார். மனிதர்கள் இப்படித்தான். கேட்டது கிடைக்காதவரைக்கும்தான் கேட்கத் தெரியும்.

பெற்றோர் சங்கத் தலைவர் மருதுபாண்டி விவசாயக் குடும்பத்து ஆள், வெளிப்படையாகப் பேசுபவர். பங்குத்தந்தையிடம் நேரே போய்க் கேட்டார். "எங்கள்ல இப்படி யாராச்சும் வந்துட்டா ஒரு கெடாய வெட்டிக் கும்பிட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்போம் ஃபாதர். உங்கள்ல என்ன செய்வீக?"

"எங்கள்லயும் இதுக்குன்னு ஒரு முறை இல்லங்க" என்றார் பங்குத்தந்தை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். டோனி, மனைவியின் சேலைகள் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமையே முதியோர் இல்லத்துக்குக் கொடுத்திருந்தார். டீச்சர் அந்தப் பட்டையே துவைத்துத் துவைத்துக் கட்டினார். டோனி ஒரே வீட்டில் இருந்தாலும் அவரைத் தொடவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கை குளிர்ந்திருக்கும் என்ற பயம். ஒருநாள் டீச்சர் ஏன் என்று கேட்டபோது, "ஒனக்காக அழுது முடிச்சிட்டேன் பவுலின். இப்ப என்ன செய்யுறதுன்னு தெரியல" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பு நாற்காலியில் ஆரோக்கிய ஷீலா உட்கார்ந்திருந்தாள். ஊர் ஊராகத் தனியார் பள்ளிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுத்தே இளமை போனவள். இறப்புச் சான்று ஒழுங்காக இருந்ததால் அவளுடைய நியமனமும் ஒழுங்காக வந்திருந்தது. உயிர்ப்புச் சான்று கொடுக்க எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை. பவுலின் டீச்சர் சண்டை போடவில்லை. கடைசி பெஞ்சில் பெண்பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார். ஷீலா பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் அவள் முதுகு வியர்த்தது.

ஒரு மத்தியானம் வகுப்பு காலியானதும் அவளே பின்னால் வந்தாள். "டீச்சர், நீங்க வந்ததுல எனக்குச் சந்தோசந்தான். பொய் சொல்லல. ஆனா என் வாழ்க்கையில மொதமொத நடந்த நல்லது, நீங்க செத்ததுதான் டீச்சர்."

பவுலின் டீச்சர் பெஞ்சைத் தடவினார். "தெரியுது ஷீலா. நான் என்ன செய்ய? அங்குட்டு எனக்கு வகுப்பு இல்லையே" என்றார்.

சேசுராஜும் பங்குத்தந்தையும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். விட்டுப்போனது பூசையும் துக்க மணியும். அவற்றை முறையாகச் செய்துவிட்டால் எல்லாம் முறைக்கு வந்துவிடும். முறைக்கு வருவது என்றால் என்ன என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சேசுராஜ்தான் டீச்சரிடம் போனார். "டீச்சர், அன்னைக்கு வைக்காத பூசைய இந்தச் சனிக்கிழமை வச்சிருவோம்னு ஃபாதர் சொல்றாக." டீச்சர் அவர் முகத்தையே பார்த்தார். இருபது வருடம் பக்கத்து மேசையில் இருந்த மனிதர், இரங்கல் கூட்டத்தில் பேச முடியாமல் விம்மியவர். "வைங்க சார். கோயிலுக்கு வரமாட்டேன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?" என்றார்.

சனிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. அடக்கத்துக்குக்கூட அவ்வளவு பேர் இல்லை. டீச்சர் பட்டுச் சேலையைத் தேய்த்துக் கட்டி, முதல் வரிசையில் டோனிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். தனக்கான மன்றாட்டுகளுக்கு மற்றவர்களோடு சேர்ந்து தானும் பதில் சொன்னார். பூசை முடிந்ததும் உபதேசியார் கயிற்றைப் பிடித்தார். துக்க மணி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி விழுந்தது. கூட்டம் முழுவதும் முழங்காலில் இருந்தது. எல்லோரும் கண்ணை இறுக மூடியிருந்தார்கள். திறக்கும்போது பெஞ்சு காலியாக இருக்கும் என்று நினைத்தார்கள்.

மணி ஓய்ந்தது. கண்ணைத் திறந்தார்கள். பவுலின் டீச்சர் அங்கேயே இருந்தார். எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பில் யாரும் வீட்டுப்பாடம் செய்யாத நாளில் திரும்புவது போலத்தான் திரும்பினார்.

"நான் போகணும்னுதானே எல்லாரும் முழங்கால் போட்டிருந்தீக?"

பங்குத்தந்தை பீடத்து விரிப்பைச் சரிசெய்தார். சேசுராஜ் குனிந்துகொண்டார். பாட்டுக் குழுவில் ஒருவர் இருமினார். கூட்டத்தின் நடுவிலிருந்து ஆரோக்கிய ஷீலா எழுந்தாள்.

"ஆமா டீச்சர். நானுந்தான்" என்றாள். சொல்லிவிட்டு உட்காரவும் தெரியாமல் நின்று அழுதாள்.

பவுலின் டீச்சர் திரும்பி வந்ததிலிருந்து ஒரு நாளும் அழாதவர், அன்று அழுதார். முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் சரிந்தபோது டோனி தன்னை மறந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். பிடித்த கையை விடவில்லை. புரட்டிப் பார்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பின் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சூடாத்தான்யா இருக்கு."

அதன் பிறகு யாரும் எதையும் முறைக்குக் கொண்டுவர முயலவில்லை. பத்தாம் வகுப்பில் இரண்டாவது நாற்காலி போடப்பட்டது. காலையில் ஷீலா இயற்கணிதம் எடுக்கிறாள், மதியம் பவுலின் டீச்சர் வடிவியல் எடுக்கிறார். முதியோர் இல்லத்துப் பெண்கள் இரண்டு சேலைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள், மற்றவை அவர்களுக்குப் பிடித்துப்போயிருந்தன. பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் விசாரித்தால் மருதுபாண்டி விளக்கிவிடுகிறார். "கணக்குக்கு ரெண்டு டீச்சருங்க. ஒருத்தவுக சாதாரணமா வந்தவுக, இன்னொருத்தவுக செத்து வந்தவுக. ரெண்டு பேரும் நல்லாத்தான் சொல்லிக் குடுக்காக."