பித்தளை வில்லை

தாராவி வீட்டில் சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்: இறந்துபோன ஏசுதாஸின் அண்ணன் மரியஅந்தோணி, மனைவி லூர்து மேரி, பக்கத்துத் தோல் பட்டறை அபுதாஹிர், கோயில் உபதேசியார், ஏசுதாஸ் வேலை பார்த்த கம்பெனியின் ஆபீசிலிருந்து வந்த பஞ்சு. பெட்டியை அடைக்க மூடியைத் தூக்கிய அபுதாஹிரை நிறுத்தியவர் பஞ்சுதான்.

"கோட்டுல இருக்கற பேட்ஜ் மட்டும் வேணும் சார். ஆபீஸ்ல வாங்கிண்டு வரச் சொன்னா."

மூன்று சிங்கம் போட்ட பித்தளை வில்லை. அம்பர்நாத் தொழிற்சாலை ஸ்டோரில் பதினான்கு வருஷம் ஏசுதாஸின் சட்டையில் குத்தியிருந்தது. இன்று காலை கலியாணக் கோட்டில் குத்திவிட்டவள் லூர்து மேரி.

"எதுக்குவே?" என்றார் மரியஅந்தோணி.

"அது சர்க்கார் சொத்து."

காறித் துப்ப மரியஅந்தோணிக்கு வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார்.

செம்புக் கம்பி காணோம் என்று விசாரணையே இல்லாமல் ஒற்றை வரிக் கடிதத்தில் கம்பெனி தம்பியை வேலையிலிருந்து தள்ளியபோது, கோர்ட்டுக்குப் போகச் சொன்னது அவர்தான். 'நம்ம குடும்பத்துல திருடன் கெடையாது. அதை ஜட்ஜு சொல்லட்டும்.' போன வருஷம்தான், 1967இல், ஒரு மின்வாரியத்தையும் அரசின் கணக்கில் சேர்த்துத் தில்லி சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வந்திருந்தது. அதை வைத்துக் கம்பெனியும் அரசுதான் என்று நிரூபிக்கலாம் என ஏசுதாஸின் வக்கீலுக்கு ஏக நம்பிக்கை. கம்பெனி வக்கீல் எழுந்து வாதிட்டார்: வாரியம் சட்டத்தால் பிறந்தது. நாங்கள் கம்பெனிச் சட்டத்தில் பதிவானவர்கள். முதலீடு முழுக்க அரசாங்கத்துடையது என்றாலும் நாங்கள் அரசு அல்ல. அடிப்படை உரிமை கேட்டு எங்களிடம் வர முடியாது. நீதிபதி ஒப்புக்கொண்டார். மனு தள்ளுபடி. இரண்டே மாதத்தில் ஏசுதாஸ் காமாலையில் போனான்.

"கோர்ட்டுல சர்க்கார் இல்லைன்னீங்க. பொணத்துக்கிட்ட வந்து சர்க்காருங்கீரு. எந்தக் கெழமை எதுன்னு எழுதி ஒட்டிப்போடும்."

"நான் கிளார்க் சார்." பஞ்சு தரையைப் பார்த்தார்.

"அவுகளோடயே போட்டும் அத்தான்," என்றாள் லூர்து மேரி.

"வேண்டாம்மா. அடுத்தவன் பொருளோட நம்ம வீட்டுப் பொணம் குழிக்குள்ள போவாது."

வில்லையின் ஊக்கை அவரே கழற்றினார். பஞ்சு நீட்டிய கையில் வைக்காமல் சன்னல் கட்டையில் வைத்தார். விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். போதாததுபோல் மறுபடி துடைத்தார்.

"ரசீது எழுதும். இல்லேன்னா இதையும் தூக்கிட்டான்பீங்க."

பஞ்சு எழுதினார். கோட்டில் இரண்டு ஊசித்துளைகள். லூர்து மேரி கட்டைவிரலால் அவற்றை நீவிக்கொண்டே நின்றாள். அபுதாஹிர் மூடியை வைத்தார்.

ஏசுதாஸைத் திருடன் என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டதாகத் தாராவியில் பேசிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. திருடினானா என்று கோர்ட் கேட்கவே இல்லை.