கூடுதல் பொறுப்பு

தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார இடம் இல்லை. குழந்தைகள் நலக் குழு கூடுகிற நாளில் எப்போதும் இப்படித்தான். கைக்குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, வீட்டை விட்டு ஓடிப்போய்ப் பிடிபட்ட மகனின் சட்டைக் காலரை விடாமல் பிடித்திருந்த ஒரு தகப்பன், சுவரில் தலை சாய்த்துத் தூங்கிப்போன இரண்டு பெண்கள். குடையக்கா தூணோரம் நின்றாள். பல்வலி என்று வேலை பார்க்கும் துணிக்கடையில் பொய் சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். கடைப் பெயர் தைத்த கத்தரிப்பூ நிற மேலங்கியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் கதவைத் திறக்கவில்லை.

"உள்ள விட முடியாதும்மா. பணியில இல்லாதவங்களை விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவாயில்லண்ணே. என் இடத்துக்கு யாரு வந்திருக்காங்க?"

"யாரு வந்தா? நம்ம கணக்கர்தான். கூடுதல் பொறுப்பாம். காலையில சம்பளப் பட்டியல், மதியானம் குழந்தைங்க. பாவம், மனுஷன் ரெண்டையும் கூட்டிக் கழிச்சுட்டு உக்காந்திருக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலத்தில் இந்த அலுவலகத்தில் களப்பணியாளர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவன் வங்கி வேலை கிடைத்துப் போனான். ஒருத்தி கல்யாணமாகி வெளிநாடு போனாள். பிரசவத்துக்குப் போன இன்னொருத்தியைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அவர்கள் விட்டுப்போன தெருக்களெல்லாம் இவள் தலையில் விழுந்தன. வெயிலோ மழையோ, குடையும் கையுமாக நகரத்தின் பாதியை நடந்தே அளந்தாள். சந்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் குடையக்கா. கடைசியில் போன மாதம், திட்டம் முடிந்துவிட்டது என்று மேலாளர் அவளுக்கு ஒரு டீயும் அனுபவச் சான்றிதழும் கொடுத்தார்.

"அடுத்த திட்டம் வந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான்" என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

பொடிசு என்ற சிறுமியின் விசாரணை அப்போது நிலுவையில் இருந்தது.

அம்மா இறந்த பிறகு பொடிசைத் தாய்மாமன் எடுத்து வளர்த்தார். அவருக்கு மார்க்கெட் பக்கம் இஸ்திரிக் கடை. அந்தப் பிள்ளை பள்ளிக்கே போவதில்லை என்று பக்கத்துக் கடைக்காரி ரகசியமாகச் சொன்னதால் குடையக்கா முதல் முறை அங்கே போனாள். மாமா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "நம்ம வீட்டுப் பொண்ணு மேடம். சும்மா கூடமாட இருக்கா" என்றார். பொடிசு நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பிறகு தன் துணிகளையே மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வாரா வாரம் போனாள் குடையக்கா. எதையும் கேட்கவில்லை. தண்ணீர் தெளித்தாள், சட்டை மடித்தாள், பட்டன் போட்டாள். வீட்டில் இஸ்திரி போட்ட புடவைகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்ததுதான் மிச்சம் என்று அவள் புருஷன்கூடக் கேலி செய்தான்.

ஒரு நாள் மாமா துணி கொடுக்கப் போயிருந்தார். பொடிசு ஒரு சட்டையின் கையை நீவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னது.

"சட்டை கருகிப் போச்சு. துணிக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியணுமாம்."

சொல்லிவிட்டு முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிக் காட்டியது. புதியது ஒன்று. அதற்கு மேலே, ஆறியவை.

அன்றைக்கே பிள்ளையைக் காப்பகத்துக்கு அழைத்துப்போனாள். பஸ்ஸில் பொடிசு அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே வந்தது.

"பெரியவங்க முன்னாடி சொல்லணுமாக்கா?"

"ஒரே ஒரு தடவை. நான் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்."

"மாமா இருப்பாரா?"

"அந்த ரூமுக்குள்ள அவர் வரவே மாட்டாரு. அது என் பொறுப்பு."

இப்போது அந்த அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அது கூரைவரை போகவில்லை. உள்ளே பேசுவது வெளியே கேட்டது. தலைவி அம்மாளின் குரல் களைத்திருந்தது. காலையிலிருந்து ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் குரல்.

"பயப்படாதம்மா. தீக்காயம்னு டாக்டர் எழுதியிருக்காரு. எப்படிப் பட்டதுன்னு நீதான் சொல்லணும். முன்னாடி இருந்த மேடம் எழுதினது இங்க இருக்கு. ஆனா உன் வாயால நாங்க கேக்கணும்."

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"இஸ்திரிப் பெட்டி தவறி விழுந்துச்சா? இல்ல, யாராவது வச்சாங்களா?"

அப்போது உள்ளே ஒரு ஆண் இருமினார். தொண்டையைச் செருமிக்கொள்ளும் சின்ன இருமல். இஸ்திரிக் கடையில் வாடிக்கையாளர்களிடம் பேச ஆரம்பிக்கும் முன் மாமா அப்படித்தான் இருமுவார்.

காவலாளி "அம்மா, அம்மா" என்று கையை நீட்டுவதற்குள் குடையக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர் மூவர். இந்தப் பக்கம் பொடிசு. அதற்கு அடுத்த நாற்காலியில், முழங்கை உரசும் தூரத்தில், மாமா. கணக்கர் ஓரமாகக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இவரை ஏன் உள்ள உக்கார வச்சீங்க? முதல்ல இவரை வெளிய அனுப்புங்க மேடம். இவர் இருந்தா அவ எப்படிப் பேசுவா?"

"நீங்க யாரு?"

"நான்தான் மேடம். இந்தக் கேஸை நான்தான்..."

தலைவி அவள் மேலங்கியில் தைத்திருந்த கடைப் பெயரைப் படித்தார். பிறகு அடையாளம் தெரிந்தது.

"ஓ, நீங்களா. இப்ப நீங்க பணியில இல்லையே? இப்படி உள்ள வரக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம். ஆனா இவர்..."

"காப்பாளர்னு போட்டிருந்துச்சு மேடம், அதான் உக்கார வச்சேன்" என்றார் கணக்கர். அவர் காதுமடல் சிவந்துபோயிருந்தது.

"சரி, கொஞ்சம் வெளிய இருங்க" என்று தலைவி மாமாவிடம் சொன்னார். அவர் உடனே எழுந்து கும்பிட்டார். போகும்போது பொடிசின் தலையை ஒரு தடவை தடவினார். "மேடம் கேக்கறதுக்குச் சரியா பதில் சொல்லுடா தங்கம். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

குடையக்காவையும் வெளியே போகச் சொன்னார்கள். பொடிசு அவளைப் பார்த்தது. கோபமில்லை, அழுகையில்லை. தெரியாத ஊரில் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

கதவு மூடியது. தலைவி மறுபடி கேட்டார். அன்பாகத்தான் கேட்டார், இரண்டு விதமாய், மூன்று விதமாய். இன்னொரு உறுப்பினர் மிட்டாய் கொடுத்துப் பார்த்தார். "சொல்லும்மா, வெளிய இன்னும் எத்தனை பேர் காத்திருக்காங்க பாரு" என்றார். கடைசியில் பொடிசின் குரல் கேட்டது.

"தவறி விழுந்துச்சு."

சற்று நேரத்தில் கணக்கர் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வெளியே வந்தார்.

"எனக்கு என்னம்மா தெரியும்? யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரல. கோப்பைக் கையில குடுத்து நாளைலேருந்து நீதான்னுட்டாங்க. நான் வவுச்சர் பாத்த ஆளும்மா."

"முடிவு என்ன?"

"மாமாகிட்டயே ஒப்படைக்கிறாங்க. ஆனா சும்மா விடல. மாசா மாசம் களப்பணியாளர் நேர்ல போய்ப் பாத்து அறிக்கை தரணும்னு உத்தரவு போட்டிருக்காங்க."

"எந்தக் களப்பணியாளர்?"

கணக்கர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். உள்ளே போய்விட்டார்.

மாமாவும் பொடிசும் வெளியே வந்தார்கள். குடையக்கா ஒரு அடி முன்னால் வைத்தாள். பொடிசின் பெயர் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அதற்குப் பிள்ளை இன்றிரவு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"நீங்க அலையாத அலைச்சல் இல்ல மேடம்" என்றார் மாமா, மரியாதையாக. "எப்ப வேணாலும் கடைப்பக்கம் வாங்க."

படிக்கட்டுக்கு முன்னால் அவர் நின்றார். பொடிசு போட்டிருந்த செருப்பு புதுசு, அன்றைக்கென்று அவர் வாங்கி வந்தது. ஒரு வார் அவிழ்ந்து கிடந்தது. அத்தனை பேர் பார்க்க அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, பிள்ளையின் காலைத் தன் தொடைமேல் எடுத்து வைத்து வாரை மாட்ட ஆரம்பித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கால்களை மடக்கி இடம் விட்டார்கள். கைக்குழந்தைக்காரி அதைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஒற்றைக் காலில் நின்ற பொடிசு தள்ளாடியது. அவருடைய தோள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிள்ளை எட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டது.