ராஜா ஜோடி

"கையைப் பிடிச்சிக்கிட்டே இருந்தாராம்லா. அந்தக் கைக்குள்ளயே உசுரு போயிருக்கு. இப்படி ஒரு சாவு யாருக்குக் கிடைக்கும்?"

வாசலில் போட்ட கூடாரத்தில், பக்கத்து வீட்டு நூர் பீவி ஐந்தாவது ஆளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே, குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்த மனைவியின் நெற்றியில் குங்குமம் வைக்கக் குனிந்த குணாளனின் விரல் பாதி வழியில் நின்றது.

"வைங்கப்பா," என்றாள் மகள் காமினி. "அம்மா சுமங்கலியா போறாங்க. உங்க கையாலதான் வைக்கணும்."

வைத்தார். பொட்டு கோணிக்கொண்டு புருவத்தில் இறங்கியது. காமினி விரல் நுனியால் அதை ஒதுக்கி வட்டமாக்கினாள். ஜெயலெட்சுமிக்கு உயிர் இருந்திருந்தால், 'நாப்பது வருஷத்துல ஒரு பொட்டு நேரா வைக்கத் தெரியல இந்த மனுஷனுக்கு' என்று சிரித்திருப்பாள்.

அந்தக் கையைப் பற்றித்தான் இப்போது தெருவே பேசுகிறது. நேற்று மாலை நாலு மணிக்கு அந்தக் கையில் என்ன இருந்தது என்பது குணாளனுக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு ராஜா இருந்தது.

பிறை என்ற ஊரில் ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஜெயலெட்சுமிக்கு இருதயம் தளர்ந்து கட்டிலோடு ஆனபிறகு அவருக்கும் வெளியே போக்குவரத்து நின்றுபோனது. பொழுது போகட்டும் என்று பழைய தோழர் அய்யாக்கண்ணுதான் டேப்லெட்டில் போக்கர் ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தார். காசு கிடையாது, வெறும் புள்ளிதான். ரம்மியைத் தவிர வேறெதுவும் அறியாத மனுஷர், அறுபத்தேழு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தார். 'சீட்டு மோசமா, முதலிலேயே கவிழ்த்துவிடு.' 'கடைசியில் பேசுகிறவனுக்குத்தான் பலம்.' 'சீட்டைப் பார்க்காதே, ஆளைப் பார்.' 'பொய்யாக மிரட்டத் தொடங்கினால் நடுவில் தடுமாறாதே.'

ஆளைப் பார்த்துப் பழக டேப்லெட்டுக்குள் ஆள் ஏது? கட்டிலில் மனைவி இருந்தாள். நிஜமான சீட்டுக்கட்டைப் பிரித்து, ரெண்டு சீட்டைக் கையில் மறைத்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவள் எதிரில் உட்காருவார்.

"பெரிய சீட்டுடி. பயந்துக்க."

"ரெண்டும் குப்பை," என்பாள்.

ஒரு தடவைகூட அவள் கணக்கு தப்பியதில்லை.

"எதை வச்சிலா கண்டுபிடிக்கிற? கண்ணா? வாயா?"

"சொன்னா மாத்திக்குவீங்க. அப்புறம் யாரு உங்களைப் பிடிக்கிறது?" மூச்சு வாங்கச் சிரித்தாள். "காமினிக்கு மட்டும் போன்ல சொல்லி வச்சிருக்கேன். நான் போயிட்டாலும் உங்க பொய்யைப் பிடிக்க ஒரு ஆளு வேணும்ல?"

நேற்று, வெளிச்சத்துக்காக நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருந்தார். கட்டிலுக்கு முதுகு காட்டிய மாதிரி. ஆட ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக ராஜா ஜோடி வந்திருந்தது. எதிரே, பாகான் டாலாமில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி, அய்யாக்கண்ணு தன் புள்ளி அத்தனையையும் முன்னே தள்ளிவிட்டிருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"ரெண்டே நிமிஷம் ஜெயா. பெரிய சீட்டு வந்திருக்கு."

"சரி, ஆடுங்க."

அவ்வளவுதான் அவள் பேசியது. ஆடினார், ஜெயித்தார். "அய்யாக்கண்ணுக்கு மொட்டை போட்டாச்சு ஜெயா!" என்று துள்ளித் திரும்பினார். அவள் கை கட்டிலுக்கு வெளியே, நாற்காலி எப்போதும் இருக்கும் பக்கமாக நீண்டு, விரல்கள் விரிந்தபடி தொங்கியது.

உலுக்கினார், கூப்பிட்டார், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். எல்லாம் செய்தார். ஆனால் நூர் பீவியைக் கத்தி அழைப்பதற்கு முன்னால் இன்னும் இரண்டு காரியம் செய்தார். அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். டேப்லெட்டை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் செருகினார். மனைவி போன நிமிஷத்தில் ஒரு மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது? அதை நினைத்தால்தான் இப்போது தன் உடம்பே தனக்குக் கூசியது.

நிபோங் திபாலிலிருந்து காமினி வந்து சேர ஆறு மணி ஆனது, கடல் பாலத்தில் ஜேம், வண்டி நகரவில்லை. வந்தவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமையே வந்திருக்கணும்பா. வேலை வேலைன்னு இருந்துட்டேன். கடைசியில பக்கத்துல யாருமே இல்லாமயா போனாங்க?"

அவள் தலையைத் தடவினார். "இல்லம்மா. நான் கையைப் பிடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"'நல்லா இருங்க'ன்னா."

முதல் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். புதிதாக ஆடுகிறவன் செய்கிற தப்பு அதுதான். கையில் ஒன்றுமில்லாதபோதுதான் மேலும் மேலும் வைத்துக்கொண்டே போவான்.

இன்று காலை பத்து மணிக்கு அய்யாக்கண்ணு மாலையோடு வந்தார். நூர் பீவி விடுவாளா? "நேத்து நாலு மணிக்குண்ணே. அண்ணன் கையைப் பிடிச்சபடியே..."

"நாலு மணிக்கா? நாலு மணிக்கு நாங்க ரெண்டு பேரும்..."

அய்யாக்கண்ணு நிறுத்தினார். கதவருகில் நின்ற குணாளனை ஏறிட்டுப் பார்த்தார். குணாளனின் பார்வை தரையில் கிடந்த செருப்புகளில் போய் விழுந்தது. அய்யாக்கண்ணு மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "அந்த நேரம் எனக்கும் மனசு ஒரு மாதிரியாதான் இருந்துச்சு."

சீட்டைக் கவிழ்த்துவிட்டார். உள்ளே போகும்போது குணாளனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குமேல் தாங்கவில்லை. அடுப்படியில் வாய்க்கரிசிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மகளிடம் போய் நின்றார்.

"காமினி, நேத்து வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்கப்பா." அவள் நிமிரவில்லை. "நீங்க கூட இருந்தீங்கல்ல, அதை நெனைச்சிக்கிட்டுதான் நான் நிக்கிறேன். இல்லாட்டி விழுந்துருவேன்."

நின்றார். தேங்காய்த் துருவலிலிருந்து ஓட்டுத் துணுக்கு ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் போட்டார். திரும்பி வந்துவிட்டார்.

பதினொன்றரைக்குப் பண்டாரம் சங்கை ஊதி முடித்துத் தாடைக்கட்டை அவிழ்த்தார். பத்து லஞ்சாங் ஊர்ச் சுடுகாட்டில் பன்னிரண்டரைக்கு நேரம் வாங்கியிருந்தது. நூர் பீவியின் கதை அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

"கட்டினவர் கையைப் பிடிச்சபடியே கைலாசம் போன மகராசி," என்று குரலெடுத்தார். "ஐயா முதல்ல வாங்க. அப்புறம் மத்தவங்க."

குணாளன் தேங்காய்ப்பூ கலந்த ஈரப் பச்சரிசியை இடது உள்ளங்கையில் வாங்கி, வலது விரல்களால் அளைந்தார். காமினி பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வேற ஒண்ணுமே சொல்லலையாப்பா? நல்லா யோசிச்சுப் பாருங்க."

'சரி, ஆடுங்க.' நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினார்.

"இல்லம்மா. 'நல்லா இருங்க'ன்னு மட்டும்தான்."

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். குரல் நடுங்கவில்லை. கண்கூட இமைக்கவில்லை. இத்தனை மாதப் பழக்கத்தில் இவ்வளவு நன்றாக அவர் ஒருநாளும் ஆடியதில்லை.

காமினி பார்த்தாள். அவர் கண்ணை அல்ல, வாயை அல்ல, முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில். அவள் அழுகை நின்றுபோனது.

அரிசி ஒட்டிய தன் விரல்கள் வலது காது மடலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் குணாளனுக்குத் தெரிந்தது. கையை இறக்கினார்.

பின்னால் வரிசை காத்து நின்றது. நூர் பீவி முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "போடுங்கய்யா, நேரமாவுது," என்றார் பண்டாரம்.

காமினி கையை நீட்டினாள். அப்பாவின் காது மடலில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தாள். குனிந்து, அம்மாவின் வாயில் போட்டாள்.